இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?

1

நூலக அறிவியலில் பட்டம் வாங்கிய வருடம், ஒரு தனியார் கல்லூரியில் நூலகர் வேலைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். தாளாளர் என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, புக்க அடுக்கி வைக்கணும். கேட்டா எடுத்துக் குடுக்கணும். திரும்பி வந்தா வாங்கி வைக்கணும். இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?"

அவர் குரலில் கேலி இல்லை. அவருக்கு உண்மையிலேயே அது சந்தேகம்தான். நான், "பகுப்பாக்கம், பட்டியலாக்கம்னு நிறைய இருக்கு சார்" என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "டைப்பிங் தெரியுமா?" என்றார். தெரியாது. வேலை டைப்பிங் தெரிந்த வேறு யாருக்கோ போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. ஒரு வருடம் படித்திருக்கிறேன். ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் பத்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். தென்னைக்கு 634.61 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவ்வளவு எளிமையான கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு சில வருடங்கள் வெவ்வேறு நூலகங்களில் கிடைத்த வேலையைச் செய்தேன். அந்தக் கேள்வி கூடவே வந்தது. நூலகருக்குப் பயிற்சி எதற்கு என்று முதலில் கேட்டவர் யார், அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில், அந்தத் தாளாளருக்கு நூற்றுமுப்பது வருடத்துக்கும் மேற்பட்ட பரம்பரை இருப்பது தெரிந்தது.

2

அந்தப் பரம்பரையை நியூயார்க்கில் 1887இல் பார்க்கலாம்.

மெல்வில் டூயி அப்போது கொலம்பியா கல்லூரியின் நூலகர். அறிவை எல்லாம் பத்துப் பத்தாகப் பிரிக்கும் அவருடைய தசமப் பகுப்பு முறை 1876இல் வெளிவந்துவிட்டது. அமெரிக்க நூலகச் சங்கம் தொடங்கப்பட்டதும் அதே வருடம்தான், அதிலும் அவர் முக்கியமான ஆள். அதுவரை நூலகர் ஆவதற்கு வழி ஒன்றுதான்: இன்னொரு நூலகரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது. கொத்தனார் வேலை, தச்சு வேலை போல. டூயி இதை ஒரு பள்ளியாக மாற்ற நினைத்தார்.

1887 ஜனவரி 5ஆம் தேதி பள்ளி தொடங்கியது. முதல் வகுப்பில் 20 பேர். அவர்களில் 17 பேர் பெண்கள். கொலம்பியா கல்லூரி பெண்களைச் சேர்க்காத கல்லூரி. அறங்காவலர்கள் வகுப்பறை தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். டூயி, பயன்படாமல் கிடந்த ஒரு சாமான் அறையைச் சுத்தம் செய்து வகுப்பு நடத்தினார். அவர் அங்கிருந்து விலகியபோது பள்ளியும் 1889இல் ஆல்பனி நகருக்குப் போய்ச் சேர்ந்தது.

உலகத்தின் முதல் நூலகப் பள்ளி ஒரு சாமான் அறையில் நடந்தது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் படித்த துறையும் கட்டடத்தின் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? முக்கியமான பாடங்களில் ஒன்று கையெழுத்து. நூலகக் கையெழுத்து என்றே ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். உருண்டையாக, சாய்வில்லாமல், அலங்காரம் இல்லாமல். பட்டியல் அட்டையை யார் எழுதினாலும் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்க வேண்டும் என்பது நோக்கம். எழுதுபவரின் முகம் தெரியக்கூடாது.

டூயி பெண்களுக்குக் கதவைத் திறந்தார் என்பது உண்மை. படித்த பெண்களைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. அது மட்டுமில்லை. உடன் பணியாற்றிய பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி அவர் காலத்திலேயே புகார்கள் எழுந்தன. யூதர்களைச் சேர்க்காத ஒரு விடுதியையும் நடத்தினார். 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம், தான் வழங்கும் உயரிய பதக்கம் ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்க முடிவு செய்தது. நாங்கள் படித்த பாடத்தில் இது எதுவும் வரவில்லை. டூயி என்றால் எங்களுக்கு மூன்று இலக்கம், ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

ஆனாலும் டூயி தாளாளருக்கு ஒரு பதில் வைத்திருந்தார். இது ஒரு தொழில், தொழில் என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு முறை வேண்டும் என்பதே அது. ஒரு நூலகத்தில் கற்றவர் இன்னொரு நூலகத்தில் போய் உட்கார்ந்த மறுநாளே வேலை செய்ய முடியவேண்டும். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலில் வாசகர் எங்கே இருக்கிறார் என்று தேடினால் சட்டென்று கண்ணில் படமாட்டார்.

3

டூயி தொடங்கிவைத்த நூலகக் கல்வி இந்தியாவுக்கு இரண்டு வழியாக வந்தது.

ஒன்று பரோடா. மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் தன் சமஸ்தானத்தில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தவர். படிக்கக் கற்றவர்களுக்குப் படிக்கப் புத்தகம் வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். 1911இல் போர்டன் பரோடாவில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். ஊர் ஊராக நூலகம் வைக்கவேண்டுமானால் ஊர் ஊராக ஆள் வேண்டுமே.

இன்னொன்று லாகூர். 1915இல் பஞ்சாப் பல்கலைக்கழகம், டூயி தொடங்கிய பள்ளியில் படித்த ஆசா டான் டிக்கின்சனை அழைத்து வந்தது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் நூலகப் பயிற்சி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பரோடாவில் மக்களுக்கு, லாகூரில் பல்கலைக்கழகத்துக்கு. நூலகர் யாருக்காகப் பயிற்சி பெறுகிறார் என்ற கேள்வி தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முயன்றவர் சென்னையில் இருந்தார். அவர் நூலகரே இல்லை. கணக்கு வாத்தியார்.

4

சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. ரங்கநாதன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தவர். மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் கற்பித்தவர். திக்குவாய். அதையும் மீறி வகுப்பில் நல்ல பெயர் வாங்கியவர்.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 900 பேர் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர்கள் யாரும் அதில் இல்லை. ரங்கநாதனுக்கும் இல்லை. நேர்காணலுக்குச் சில நாட்கள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. 1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தாங்க முடியவில்லை. வகுப்பறையில் இரைச்சலும் கேள்வியுமாக வாழ்ந்தவருக்கு, யாரும் வராத அறையில் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பது தண்டனையாக இருந்தது. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வேலை விதிப்படி லண்டன் போய் நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று நாம் பரீட்சையில் எழுதும் ஆள், பயிற்சி இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தாளாளர் நினைத்ததைத்தான் நினைத்திருக்கிறார். இதில் என்ன இருக்கிறது? அடுக்கி வைக்கணும், எடுத்துக் கொடுக்கணும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பள்ளி 1919இல் தொடங்கியிருந்தது. 1924 இலையுதிர் காலத்தில் ரங்கநாதன் அங்கே போனார். பகுப்பாக்கம் கற்பித்தவர் பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் நகரின் தலைமை நூலகர். வகுப்பறைப் பாடம் ரங்கநாதனுக்குப் போதவில்லை. சேயர்ஸ் அவரை நூலகங்களுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார் ரங்கநாதன்.

அங்கே அவர் பார்த்தது புத்தக அடுக்கை மட்டுமல்ல. குழந்தைகளுக்குத் தனி அறை. வேலை முடிந்து வந்து படிக்கும் தொழிலாளிகள். யாரும் தானே எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கும் அலமாரிகள். ஊரில் பீரோவுக்குள் பூட்டியிருந்த பொருள் இங்கே மக்கள் கையில் புழங்கியது. ஒரே நாட்டில் ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு மாதிரி நடப்பதையும் பார்த்தார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படை ஏதாவது இருக்கிறதா என்ற கணக்கு வாத்தியாரின் கேள்வி அவருக்குள் எழுந்தது.

லண்டன் செல்ஃபிரிட்ஜ் கடையில் அவர் பார்த்த பொம்மைக் கதை எல்லோருக்கும் தெரியும். மெக்கானோ. ஓட்டை போட்ட தகடுகள், திருகாணிகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலம், கிரேன், வண்டி. டூயியின் முறையில் பொருள்களுக்கு இடம் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்கும், ரெடிமேட் சட்டை போல. ரங்கநாதன் துண்டுகளைச் செய்து வைத்துவிட்டு, புத்தகம் வரும்போது பூட்டிக்கொள்ளலாம் என்று யோசித்தார். திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். ஊர் திரும்பும் கப்பலில் இருந்த சின்ன நூலகத்திலேயே அதைப் பரிசோதித்தும் பார்த்தார். கோலன் பகுப்பு முறை நூலாக வெளிவந்தது 1933இல்.

1925இல் திரும்பி வந்தவர், கல்லூரிக்குத் திரும்பப் போகவேண்டும் என்று கேட்கவில்லை.

5

இப்போது தமிழ்நாட்டில் நடந்தது. எங்கள் பாடநூலில் இரண்டே வரியாக வந்த பகுதி இது.

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. ரங்கநாதன் அதன் செயலாளர். லண்டனில் எழுந்த கேள்வி அப்போதும் அவரை விடவில்லை. நூலகத்தில் நாம் செய்யும் நூறு வேலைகளுக்கும் பின்னால் சில அடிப்படை விதிகள் இருந்தாக வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். அவருடைய பழைய கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் ஒருநாள் அவர் புலம்பலைக் கேட்டுவிட்டு, புத்தகம் இருப்பது பயன்படத்தானே, அதுதானே உன் முதல் விதி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு மற்ற நான்கும் மளமளவென்று வந்துவிட்டன.

அந்த விதிகளை அவர் முதலில் பொதுவில் சொன்னது சிதம்பரத்தில், 1928 டிசம்பரில் நடந்த கல்வி மாநாட்டில். கேட்டவர்கள் ஆசிரியர்கள். அடுத்த வருடம், 1929இல், சென்னை நூலகச் சங்கத்தின் கோடைப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அந்த வகுப்பை ஏற்றுக்கொண்டது. ஐந்து விதிகள் புத்தகமாக வந்ததும் அதே 1931இல். 1937இல் பட்டதாரிகளுக்கான ஒரு வருட முழுநேரப் பட்டயப் படிப்பாக அது வளர்ந்தது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஐந்து விதிகளும் பயிற்சி வகுப்பும் ஒரே சமயத்தில் வளர்ந்தவை. நாம் தத்துவம் என்று மனப்பாடம் செய்வது, ஒரு வாத்தியார் தன் மாணவர்களுக்கு வேலையைப் புரியவைக்கக் கண்டுபிடித்த வழி.

அதை என் பேச்சில் சொல்கிறேன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, புழங்க. படிக்க வருபவர் யாராக இருந்தாலும் அவருக்கென்று ஒரு புத்தகம் இருக்கிறது. எடுக்கப்படாமல் கிடக்கும் எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார். வந்தவரைக் காக்க வைக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு இடம் விடு.

பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதை 1929ஆம் வருடத்துச் சென்னையில் வைத்து யோசிக்க வேண்டும். யாராக இருந்தாலும் என்று சொல்லும்போது, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வர முடியாதவர்களும் கோயிலுக்குள் விடப்படாதவர்களும் அந்த 'யாராக இருந்தாலும்' என்பதற்குள் வருகிறார்கள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1939இல்தான் வந்தது. அலமாரியைத் திறந்து விடு, எவரும் தொட்டு எடுக்கட்டும் என்பது வெறும் நிர்வாக முடிவாக மட்டும் இருக்க முடியாத காலம் அது.

1931இல் மன்னார்குடிப் பக்கம், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். தமிழ்நாட்டு நூலகர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வண்டி அது. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகமே போக வேண்டும் என்பது ஐந்து விதிகளில் எதிலும் நேராக எழுதப்படவில்லை. ஆனால் அந்த விதிகளை ஒழுங்காகப் புரிந்துகொண்ட யாரும் அடுத்துச் செய்வது அதைத்தான்.

6

பயிற்சியில் இன்னொன்றும் நடக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்று அது காட்டுகிறது. எனக்கு அது ஒரு எண்ணில் தெரிந்தது.

டூயியின் முறையில் இலக்கியம் 800. அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கில இலக்கியம் 820, பிரெஞ்சு 840. தமிழ் இலக்கியம் 894.811. இரண்டாயிரம் வருட இலக்கியம், 'மற்ற மொழிகள்' என்று ஒதுக்கப்பட்ட 890க்குள், புள்ளி தாண்டி மூன்று இலக்கம் தள்ளி ஒரு மூலையில். மதத்திலும் அப்படித்தான். 220இலிருந்து 280கள் முடிய கிறித்தவம். இந்து, பௌத்தம், சமணம், இஸ்லாம் எல்லாம் 290க்குள் நெருக்கிக்கொண்டு.

முதல் தடவை வகுப்பில் இதைப் பார்த்தபோது பக்கத்துப் பெஞ்சு தோழி, "நம்மள எல்லாம் திண்ணையில உக்கார வச்சிட்டாங்க பாருடி" என்றாள்.

ரங்கநாதனின் முறையில் இலக்கியத்துக்கு ஓ என்ற ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31. இலக்கியத்தையும் மொழியையும் சேர்த்துப் பூட்டினால் வேலை முடிந்தது. தமிழுக்கு எந்தச் சலுகையும் இல்லை, எந்த ஒதுக்கலும் இல்லை. ஆனால் நம் ஊர் நூலகங்கள் பெரும்பாலும் டூயியைத்தான் பிடித்துக்கொண்டன. டூயியின் எண்கள் எளிது. ரங்கநாதனின் எண்கள் நீளம், முதுகில் ஒட்டும் சீட்டில் அடங்காது. வேலை செய்யும் இடத்தில் எளியதுதான் ஜெயிக்கும். நானும் டூயியை வைத்துத்தான் வேலை பார்த்தேன்.

அப்படி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

7

ஒரு சின்ன ஊரின் நூலகத்தில் தற்காலிகமாக இருந்த சமயம். மதியம் மூன்று மணி இருக்கும். பன்னிரண்டாவது படிக்கும் ஒரு பெண் பள்ளிச் சீருடையில் வந்தாள்.

"அக்கா, நர்சிங் புக்கு தமிழ்ல இருக்கா?"

எனக்குப் பெருமைதான். எண் மனதில் இருந்தது. 610.73. எழுந்து போய் ரேக்கைப் பார்த்தேன். நாலு புத்தகம், எல்லாம் ஆங்கிலம், ஒன்று அட்டை கிழிந்தது.

"இல்லம்மா. இங்கிலீஷ்லதான் இருக்கு."

"சரிக்கா."

அந்த ரேக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றை எடுத்துப் புரட்டினாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அன்றைய பதிவேட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து அவள் தோழி ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பேச்சுவாக்கில், அன்னைக்கு வந்த பெண் நர்சிங் சேரப் போகிறாளா என்று கேட்டேன்.

"அவளா? இல்லக்கா. அவங்க அம்மாவுக்கு சுகரு. கால்ல புண்ணு. ஆஸ்பத்திரியில இன்சுலின் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்ல எப்படிப் பாத்துக்கிறது, என்ன சாப்பாடு குடுக்கிறதுன்னு எதுவும் தெரியல. அதுக்குத்தான் கேட்டா."

நீரிழிவுக்கு எண் 616.462. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பன்னிரண்டு அடி. அங்கே தமிழில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்றில், இன்சுலின் போடுவது எப்படி, பாதத்தைத் தினமும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று படம் போட்டே இருந்தது. அன்றே தோழியின் அட்டையில் இரண்டையும் பதிந்து கொடுத்தனுப்பினேன். பதினைந்து நாளில் புத்தகங்கள் ஒழுங்காகத் திரும்பி வந்தன. அந்தப் பெண் வரவே இல்லை. நான் அங்கே இருந்தவரை வரவில்லை.

நான் செய்ததில் தொழில்முறைத் தவறு எதுவும் இல்லை. கேட்ட பொருளுக்குச் சரியான எண், சரியான ரேக், உண்மையான பதில். டூயியின் பள்ளியில் எனக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஆனால் ரங்கநாதனின் இரண்டாவது விதியிலும் மூன்றாவது விதியிலும் ஒரே நிமிடத்தில் தோற்றுப்போனேன். அவளுக்கென்று ஒரு புத்தகம் இருந்தது. அந்தப் புத்தகத்துக்கென்று ஓர் ஆள் வந்து நின்றாள். நடுவில் நான் இருந்தேன்.

8

இதைப் பற்றி எங்களுக்குப் பாடம் இருந்தது என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

வாசகரிடம் நூலகர் பேச வேண்டும், உதவ வேண்டும் என்று சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க நூலகர் எழுதியது 1876இல். டூயியின் எண்கள் பிறந்த அதே வருடம். ரங்கநாதன் இந்த ரெஃபரன்ஸ் சேவையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1968இல் ராபர்ட் டெய்லர் என்பவர் ஒரு கட்டுரையில், வாசகரின் தேவை நான்கு நிலைகளைக் கடந்து நம்மிடம் வருகிறது என்று விளக்கினார். முதலில் சொல்லத் தெரியாத ஒரு தவிப்பு. பிறகு மனதுக்குள் கலங்கலாக ஓர் உருவம். பிறகு தனக்குத்தானே தெளிவாகச் சொல்லிக்கொள்ளும் கேள்வி. கடைசியாக, இந்த நூலகத்தில் எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று யோசித்து, வெட்டிச் சுருக்கி, நம்மிடம் நீட்டும் கேள்வி.

அந்தப் பெண் செய்தது அதைத்தான். "எங்க அம்மாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்பது தவிப்பு. நூலகத்தில் வந்து அப்படிக் கேட்கக் கூடாது என்று நினைத்து, புத்தகத்தின் பெயர் மாதிரி ஒன்றை அவளே தயாரித்துக்கொண்டு வந்தாள். நர்சிங் புக்கு. நான் அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் எண் தேடினேன். "எதுக்கும்மா, பரீட்சைக்கா, வீட்ல யாருக்காவது முடியலையா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

டெய்லரின் நான்கு நிலைகளையும் தேர்வில் நான் சரியாகத்தான் எழுதினேன். பட்டியல் அட்டை பன்னிரண்டரைக்கு ஏழரை சென்டிமீட்டர் என்று எழுதிய அதே கையெழுத்தில்.

9

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காக வருடக்கணக்கில் வரைவுகளோடு அலைந்தவர்களில் ரங்கநாதன் முதன்மையானவர். சொத்து வரியோடு நூலகத்துக்கும் ஒரு பங்கு வசூலிக்க வழி பிறந்தது. ஊர்தோறும் கிளை நூலகங்கள் வந்தன, ஆட்கள் தேவைப்பட்டார்கள். இன்றும் கிளை நூலகத்தில் சேர விரும்பும் பலர் எழுதும் சான்றிதழ்ப் படிப்பின் பின்னால் இந்தச் சட்டம் இருக்கிறது.

ரங்கநாதன் அதற்கு முன்பே, 1945இல், சென்னையை விட்டுப் போயிருந்தார். காசி, பிறகு டெல்லி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலை வரை, முனைவர் பட்டம் வரை வளர்ந்தது. 1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒரு மையம். தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, தன் மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியலுக்கு ஓர் இருக்கை அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தமிழகப் பொது நூலகத் துறைக்கு நூலகவியல் படித்த ஒருவர் முதன்முதலாக இயக்குநராக வந்தது 1972இல், வே. தில்லைநாயகம். ரங்கநாதன் மறைந்ததும் அதே வருடம் செப்டம்பரில்.

படிப்பின் பெயரில் பிறகு 'தகவல்' சேர்ந்தது. அட்டைகள் போயின, கணினி வந்தது. இப்போது பாடத்தில் கோஹா மென்பொருள் இருக்கிறது, மின்னூலகம் இருக்கிறது, தரவு மேலாண்மை இருக்கிறது. நூலகக் கையெழுத்து இருந்த இடத்தில் இப்போது இவை. தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தேடுபெட்டியில் 'நர்சிங்' என்று தட்டினால் இயந்திரமும் அன்று நான் சொன்ன பதிலைத்தான் சொல்லும். என்னைவிட வேகமாகச் சொல்லும்.

நூலகப் படிப்பில் சேரலாமா, வேலை கிடைக்குமா என்று தம்பி தங்கைகள் என்னைக் கேட்பதுண்டு. வேலையைப் பற்றி நான் பொய் சொல்வதில்லை. நிரந்தர வேலை அபூர்வம், சம்பளம் குறைவு, டைப்பிங் தெரியுமா என்று கேட்பார்கள். அதைச் சொன்ன பிறகு, படிக்கிறதாக இருந்தால் ஒரு நாள் ஏதாவது கிளை நூலகத்தில் போய் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வா என்பேன்.

அந்தத் தாளாளரை இப்போது பார்த்தால் என்ன சொல்வேன் என்று யோசிப்பதுண்டு. அடுக்கி வைக்க ஒரு வாரம் போதும் சார், நீங்க சொன்னது சரி. கேட்டா எடுத்துக் கொடுக்கணும்னு சொன்னீங்களே, அந்தக் கேட்கிறதக் கேக்கத்தான் படிப்பு. நான் இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்.